வருமான வரியா, ஜிஎஸ்டியா, சொத்து வரியா: முற்போக்காளர் எதன் பக்கம்?

"உழைப்பாளி பக்கம் நிற்கிறோம் என்கிறீர்கள். அப்புறம் உழைத்த காசில் கைவைக்கும் வருமான வரியை ஏன் ஆதரிக்கிறீர்கள்?" முற்போக்குப் பேசுபவர்களை மடக்க இது நல்ல கேள்விதான். ஆனால் ஒரு வரியை வேண்டாம் என்பவர், அரசுக்கு அந்தப் பணம் வேறு எங்கிருந்து வரும் என்பதையும் சொல்லியாக வேண்டும். சிங்கப்பூரில் அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியவை ஜிஎஸ்டி எனும் பொருள் சேவை வரியும் சொத்து வரியும்.

முதலில் வருமான வரி. இங்கே வரிக்குரிய ஆண்டு வருமானத்தில் முதல் 20,000 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) வரி கிடையாது. 60,000 வெள்ளிக்கு 1,950 வெள்ளி, அதாவது மூன்றேகால் விழுக்காடு. பத்து லட்சம் வெள்ளிக்கு 199,150, கிட்டத்தட்ட 20 விழுக்காடு. அதற்கு மேல் வரும் ஒவ்வொரு வெள்ளிக்கும் 24 விழுக்காடு. தாங்கக்கூடியவர் தோளில் அதிகம் ஏற்றுவது என்ற கொள்கைக்கு இதைவிட நேரடியான உருவம் இல்லை. ஆக, உழைப்பாளி காசில் கைவைக்கிறது என்ற புகார் கீழ்த்தட்டில் எடுபடாது.

எடுபடும் இடம் வேறு. சிங்கப்பூரில் மூலதன ஆதாய வரி இல்லை. உள்ளூர் நிறுவனங்கள் தரும் ஈவுத்தொகைக்கும் தனிநபர் வரி கட்டுவதில்லை. ஒரு மருத்துவர் இரவு பகலாக உழைத்துப் பத்து லட்சம் சம்பாதித்தால் மேலே சொன்ன தொகையைக் கட்டுகிறார். வாங்கி வைத்த பங்குகளை விற்று இன்னொருவர் அதே பத்து லட்சத்தை லாபமாக எடுத்தால், அதைத் தொழிலாகச் செய்யாதவரை, கட்ட வேண்டியது பூஜ்யம். பணக்காரரைப் பிடிக்க விரித்த வலையில் சம்பளக்காரர் மட்டும் சிக்குகிறார். முற்போக்காளர் சங்கடப்பட வேண்டியது வரி இருப்பதற்காக அல்ல, இந்த ஓட்டைக்காக.

சரி, ஜிஎஸ்டி? 1994-இல் 3 விழுக்காட்டில் தொடங்கி, 2024 முதல் 9 விழுக்காடு. அரிசி, பருப்புக்கும் விலக்கு இல்லை. வருகிற சம்பளம் முழுக்கச் செலவாகும் குடும்பத்துக்கு இது கனம். பாதியைச் சேமிக்க முடிந்தவருக்கு லேசு. ஆதரிப்பவர்களிடமும் வலுவான வாதம் உண்டு: சுவீடனிலும் டென்மார்க்கிலும் இதே வகை வரியின் பொது விகிதம் 25 விழுக்காடு, இருந்தும் அவை சமத்துவத்துக்குப் பெயர் பெற்ற நாடுகள். வசூலித்ததை யாருக்குத் திருப்பித் தருகிறோம் என்பதுதான் முக்கியம் என்கிறார்கள். ஒப்புக்கொள்கிறேன். இங்கும் வசதி குறைந்த குடிமக்களுக்கு, வரிச்சுமையை ஈடுகட்ட அரசு தரும் ஜிஎஸ்டி பற்றுச்சீட்டு கிடைக்கிறது.

ஆனால் குடிமக்களுக்கு மட்டும். வேலை அனுமதியில் வந்து கட்டுமானத்தில் உழைக்கும் தமிழ்நாட்டுத் தம்பிக்கு அந்தப் பற்றுச்சீட்டு இல்லை. அவர் தங்கைக்கென்று, இந்தியக் கடைகள் நிறைந்த தேக்கா வட்டாரத்தில் ஒரு தங்கச் சங்கிலி வாங்கினால் 9 விழுக்காடு கட்டுகிறார். சுற்றுப்பயணி அதே சங்கிலியை வாங்கினால் விமான நிலையத்தில் வரியைத் திரும்பக் கேட்கலாம். இங்கே வேலை செய்பவர் கேட்க முடியாது. முதலீட்டுத் தரத் தங்கக் கட்டி வாங்குபவருக்கோ 2012 முதல் ஜிஎஸ்டியே கிடையாது. வருமான வரியில் விடுபட்ட ஏழை, ஜிஎஸ்டியில் அகப்பட்டுக்கொள்கிறார்.

சொத்து வரிதான் என் தேர்வு, வருமான வரிக்குத் துணையாக. சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டுக்கு மேல்விகிதம் 32 விழுக்காடு, மற்ற வீடுகளுக்கு 36. விகிதம் பெரிதாகத் தெரிந்தாலும் அது வீட்டின் விலைமீது அல்ல, ஓராண்டு வாடகைக்கு எவ்வளவு போகும் என்ற மதிப்பின்மீது. சாதாரண வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக்காரர் சிறு தொகையோடு தப்பிக்கிறார். இறந்தவர் விட்டுச்செல்லும் சொத்துக்கான மரபுரிமை வரியை ஹாங்காங் 2006-இலும் சிங்கப்பூர் 2008-இலும் கைவிட்டன. பணம் வேறு ஊருக்குப் பறந்துவிடும் என்ற பயம் அந்த வரியை எப்போதும் தொடரும். நிலம் எங்கே பறக்கும்?

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. அந்தக் காலத்தில் வாங்கிய தரைவீட்டில் (அடுக்குமாடியில் இல்லாத, நிலத்தோடு கூடிய வீட்டில்) ஓய்வுபெற்று உட்கார்ந்திருக்கும் பாட்டியிடம் வீடு இருக்கும், ரொக்கம் இருக்காது. மாதத் தவணை வசதி ஓரளவு கைகொடுக்கும். அதற்கு மேல், வீடு விற்கும்போதோ வாரிசுக்குக் கைமாறும்போதோ வட்டியோடு கட்டிக்கொள்ளலாம் என்று இத்தகையவர்களுக்கு வரியைத் தள்ளிவைத்தால், விகிதத்தை இன்னும் கொஞ்சம் ஏற்றவும் தயங்க வேண்டியதில்லை.