சொந்தப் பதிவா, மன்றத்தின் பதிவா?

உள்ளாட்சி அமைப்புகளின் கூட்டங்கள் மக்களுக்குத் திறந்திருக்க வேண்டும் என்னும் கலிபோர்னியாவின் பிரவுன் சட்டம் 1953-இல் வந்தது. இன்று அதன்படி, நகர மன்றத்தின் திறந்த கூட்டத்தை வந்திருக்கும் யாரும் ஒலியாகவோ வீடியோவாகவோ பதிவு செய்யலாம். சத்தம், வெளிச்சம், பார்வை மறைப்பு ஆகியவற்றால் கூட்டம் தொடர்ந்து குலைகிறது என்று மன்றம் நியாயமான காரணத்தோடு முடிவு செய்தால்தான் தடுக்க முடியும். உறுப்பினர்களுக்குப் பிடிக்கவில்லை என்பது காரணமே ஆகாது.

சரி, மன்றம் எடுக்கும் பதிவு? ஒலி பெரும்பாலும் தெளிவாக இருக்கும். மன்றத்தின் கருவியிலேயே கட்டணமில்லாமல் பார்க்கலாம். ஆனால் 30 நாள் கழிந்தால் அதை அழித்துவிடலாம். கட்டட அனுமதித் தகராறு ஒன்று அதற்குள் முடிந்துவிடுமா என்ன? என் தேர்வு சொந்த செல்போன் பதிவுதான். கூடவே மன்றத்தின் பதிவையும் கெடுவுக்குள் கேட்டு வாங்கிவிட வேண்டும்.