டைகர் மாத்துடன் மூன்று வருடம்

இந்த மாதத்தோடு என் டைகர் மாத்துக்கு மூன்று வயது. பறப்பு நோட்டில் இதுவரை 214 பறப்பு என்று எழுதியிருக்கிறது. டைகர் மாத் என்பது 1930-களின் பிரிட்டிஷ் இரட்டை இறக்கைப் பயிற்சி விமானம்; என்னுடையது நிஜ விமானம் இல்லை, ரிமோட்டில் பறக்கும் மாதிரி விமானம். இறக்கை 1.2 மீட்டர், பேட்டரியோடு எடை 1,380 கிராம், பால்சா மரச் சட்டத்தின் மேல் பிளாஸ்டிக் உறை. பழைய பாணி இரட்டை இறக்கை விமானம் ஒன்று வாங்க ஆசைப்பட்டு, எதை எடுப்பது என்று தெரியாமல் நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். அன்றைக்கு நானும் ஒரு மாதம் அப்படித்தான் அலைந்தேன்.

மனதில் மூன்று இருந்தன. பிட்ஸ், ஸ்டியர்மேன், டைகர் மாத். பிட்ஸ் குட்டையான உடம்பு, சாகசத்துக்கென்றே பிறந்தது. கையை அசைத்தால் புரளும். ஸ்டியர்மேன் 1930-களின் அமெரிக்கப் பயிற்சி விமானம். மூக்கில் வட்ட எஞ்சின், பார்க்க அத்தனை கம்பீரம். ஆனால் நான் பார்த்த ஸ்டியர்மேன் மாதிரி விமானம் 2 கிலோவுக்கு மேல் இருந்தது. இங்கே சிங்கப்பூரில் எடை சின்ன விஷயம் இல்லை. 250 கிராமைத் தாண்டினால் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்திடம் பதிவு செய்ய வேண்டும், 1.5 கிலோவைத் தாண்டினால் அடிப்படைப் பயிற்சியும் முடித்திருக்க வேண்டும். பயிற்சி நல்லதுதான், பிறகு நானே போய் முடித்தேன். முதல் இரட்டை இறக்கை விமானத்துக்கு மட்டும் 1.5 கிலோவுக்குக் கீழே நின்றுகொண்டேன்.

எடையைவிட முக்கியமான இன்னொன்று வானம். 200 அடிக்கு மேலே போகவோ, விமான நிலையம் அல்லது விமானப்படைத் தளத்திலிருந்து 5 கிலோமீட்டருக்குள் பறக்கவோ பெர்மிட் வேண்டும். சாங்கி, சிலேத்தார், பாய லேபார், செம்பவாங், தெங்கா என்று வரைபடத்தில் வட்டம் போட்டுப் பாருங்கள், மிச்சம் எவ்வளவு என்று தெரியும். கிடைக்கும் திடலிலும் 200 அடி என்பது 60 மீட்டர்தான். அந்தச் சின்னப் பெட்டிக்குள் வேகமான விமானத்தை ஓட்டினால் பாதி நேரம் திருப்புவதிலேயே போய்விடும். மெதுவாக மிதக்கிற விமானத்துக்கோ அதே பெட்டி தாராளம். என் முடிவு இங்கேதான் விழுந்தது.

இன்னொரு காரணமும் உண்டு. என் தாத்தா சிலேத்தார் தளத்தில் வேலை பார்த்தவர். துணி போர்த்திய இரட்டை இறக்கை விமானங்களைப் பற்றிச் சின்ன வயதில் நிறையச் சொல்வார். போருக்கு முன் அங்கே இருந்த வில்டபீஸ்ட் என்ற இரட்டை இறக்கை விமானங்கள் 1942 ஜனவரியில் ஜொகூரின் எண்டாவ் கடலோரத்தில் ஜப்பானியக் கப்பல்களைப் பகலில் தாக்கப் போய்ப் பெரும் சேதத்தோடு திரும்பியவை. இங்கிருந்த மலாயாத் தொண்டூழிய விமானப்படை ஓட்டியவற்றில் டைகர் மாத்தும் ஒன்று. ஆக, இந்த மண்ணின் வானத்துக்கு இது புதிய உருவம் இல்லை.

சரி, பறப்பது எப்படி? முதல் பத்துப் பறப்பும் எனக்குப் பிடிக்கவில்லை. எய்லரானை, அதாவது விமானத்தைச் சாய்க்க இறக்கையின் பின்விளிம்பில் மேலும் கீழும் அசையும் பலகையை, தொட்டால் இறக்கை ஒரு பக்கம் சாயும், மூக்கோ எதிர்ப்பக்கம் போகும். விமானம் கோணலாக வழுக்கிக்கொண்டே திரும்பும். அசல் டைகர் மாத்தில் எய்லரான் கீழ் இறக்கையில் மட்டும்தான். கீழே இறங்கும் எய்லரான் இழுவையைக் கூட்டி மூக்கைப் பின்னால் இழுக்கும் என்பதால், அது மிகக் கொஞ்சமே இறங்கும்படி 1931-லேயே வடிவமைத்திருக்கிறார்கள். என் மாதிரியில் இரண்டு பக்கமும் சமமாக அசைந்தன. எங்கள் பறப்புக் குழுவில் மூத்தவர் ஓர் அண்ணன். பார்த்துவிட்டு, “தம்பி, இது ரடர் கேக்குற விமானம். இடது கையைச் சும்மா வச்சிருக்காதீங்க” என்றார். ரடர் என்பது வாலில் நின்று மூக்கை இடம் வலமாகத் திருப்பும் பலகை; அதை இயக்குவது இடது கை. கையில் பிடிக்கும் டிரான்ஸ்மிட்டரில் எய்லரானின் கீழ் அசைவைப் பாதியாகக் குறைத்தேன். திருப்பத்துக்கு முதலில் ரடர், அப்புறம் எய்லரான் என்று கையைப் பழக்கினேன். நாற்பதாவது பறப்புக்குள் திருப்பம் கவராயத்தால் வட்டம் போட்ட மாதிரி வரத் தொடங்கியது. ஒற்றை இறக்கைப் பயிற்சி விமானத்தில் இரண்டு வருடம் ஓட்டியும் இதை நான் கற்கவில்லை.

இறங்குவது தனிப் பாடம். இரண்டு இறக்கை, நடுவே தூண்கள், குறுக்கும் நெடுக்கும் கம்பிகள், எல்லாம் காற்றைப் பிடித்து நிறுத்துகின்றன. மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலைச் சட்டென்று பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தால் வேகம் உடனே செத்துவிடும். பதினேழாவது பறப்பில் அப்படித்தான் ஓடுதளத்துக்கு ஐந்து மீட்டர் முன்னால் தொப்பென்று விழுந்து மூக்குக் குத்திக் கவிழ்ந்தது. புரொப்பெல்லரும் மேல் இறக்கையைத் தாங்கும் ஒரு தூணும் போயின. இப்போது கால்வாசி த்ராட்டிலோடு தரை வரை ஓட்டிக்கொண்டு வந்து, சக்கரம் தொட்ட பிறகுதான் குறைக்கிறேன். தரையில் எலிவேட்டரை, அதாவது மூக்கை ஏற்றி இறக்கும் வால் பலகையை, மேலே இழுத்தே வைக்க வேண்டும். புல் கொஞ்சம் உயரமாக இருந்தாலும் கவிழப் பார்க்கும்.

வாங்கும்போது யாரும் சொல்லாத விஷயம், பொருத்தும் நேரம். பக்கத்துக்கு இரண்டாக நாலு இறக்கைத் துண்டு, எட்டுத் திருகாணி, கம்பிகள் தனி. ஆரம்பத்தில் திடலில் 35 நிமிடம் ஆகும். இங்கே காற்று அடங்கியிருப்பது காலை ஏழரையிலிருந்து ஒன்பது வரைதான். அதில் 35 நிமிடம் திருகாணி முடுக்குவதற்குப் போனால் மனசு வலிக்கும். பிறகு ஒரு பக்கத்து மேல் இறக்கையையும் கீழ் இறக்கையையும் தூண், கம்பியோடு நிரந்தரமாகச் சேர்த்து ஒரே கூடாக்கினேன். இப்போது பக்கத்துக்கு இரண்டு திருகாணி, ஏழு நிமிடம். அந்தக் கூடு காரின் பின்சீட்டில் அடங்குகிறது; வீவக அடுக்குமாடி வீட்டில் அலமாரிக்கு மேல் படுத்துக்கொள்கிறது. எந்த மாடலை வாங்கினாலும் படத்தைப் பார்ப்பதற்கு முன், இறக்கையை இப்படிக் கூடாகக் கழற்ற முடியுமா என்று கேளுங்கள்.

பராமரிப்பில் பெரிய எதிரி ஈரம். உறை மூன்று மாதத்துக்கு ஒருமுறை சுருக்கம் விழுந்து தொய்கிறது; சின்ன இஸ்திரியால் மெல்லச் சூடு காட்டினால் இறுகும். ஒருமுறை டிசம்பர் மழைக்காலத்தில் ஆறு வாரம் எடுக்காமல் விட்டேன். பிறகு பார்த்தால் இடது கீழ் இறக்கை லேசாக முறுக்கியிருந்தது. அதற்குப் பிறகு ஈரம் உறிஞ்சும் டப்பா ஒன்று பக்கத்திலேயே இருக்கிறது. லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியை வெயிலில் நிற்கும் காருக்குள் ஒருபோதும் விடாதீர்கள். பறக்காத வாரங்களில் ஒரு செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் வைத்தால் போதும். எனக்கு ஒரு பேட்டரிக்கு ஒன்பது நிமிடம் கிடைக்கிறது, அதுவும் பெரும்பாலும் பாதி த்ராட்டிலில்.

செலவு: விமானம், மோட்டார், பலகைகளை அசைக்கும் சர்வோ எல்லாம் சேர்த்து சுமார் 420 சிங்கப்பூர் வெள்ளி. உதிரிக்கு மூன்று வருடத்தில் இன்னொரு 130 வெள்ளி.

ஒரு வருடமாவது சாதாரணப் பயிற்சி விமானம் ஓட்டாதவர்கள் இதை வாங்க வேண்டாம். பத்து நாட் (மணிக்குச் சுமார் 18.5 கிலோமீட்டர்) காற்று அடித்தாலே நான் எடுப்பதில்லை. காற்றோடு மல்லுக்கட்ட விரும்புகிறவருக்கு பிட்ஸ்தான் சரி. ஆனால் காலை வெயில் சாய்ந்து விழும்போது இது தாழ்வாக, இரண்டு இறக்கைக்கும் நடுவே வெளிச்சம் தெரிய எதிரே கடந்து போகும் அந்த நாலு விநாடிக்காக நான் ஐந்தரை மணிக்கு எழுந்திருக்கிறேன். மூன்று வருடத்தில் ஒருநாளும் அது அலுக்கவில்லை.

அடுத்த மாதம் உறையை முழுக்க உரித்து மாற்றப் போகிறேன். வெள்ளி நிறம் என்று நினைத்திருந்தேன். “பயிற்சி விமானம்னா மஞ்சள்தான் அப்பா, கொள்ளுத் தாத்தாவோட பழைய படத்துல பாருங்க” என்கிறாள் மகள். படம் கறுப்பு வெள்ளை. இருந்தாலும் மஞ்சள் ரோல் இரண்டு வாங்கி வைத்துவிட்டேன்.