ஆர்இயூ விண்ணப்பமா, பேராசிரியருக்கு நேரடி மின்னஞ்சலா?

அமெரிக்கக் கல்லூரிகளில் இளநிலை அறிவியல் படிக்கும் பல மாணவர்கள், கோடைக்கால ஆய்வுக்கான விண்ணப்பத்தில் ‘முன் ஆய்வு அனுபவம்’ என்ற கேள்வியைப் பார்த்ததும் பின்வாங்கிவிடுகிறார்கள். அது எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம். அனுபவம் இல்லாதவர்களுக்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. எது பொருந்தும் என்பது நீங்கள் எங்கே படிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

முதல் வழி ஆர்இயூ (REU), அதாவது இளநிலை மாணவர்களுக்கான ஆய்வு அனுபவத் திட்டம். அமெரிக்க அரசின் தேசிய அறிவியல் அறக்கட்டளையின் (NSF) நிதியில் நடக்கும் திட்டம் இது. திட்டத்தை நடத்தும் ஒரு மையத்தில் சுமார் 10 மாணவர்கள், பெரும்பாலும் 8 முதல் 10 வாரங்கள். உதவித்தொகை உண்டு, பல இடங்களில் தங்குமிடமும் கிடைக்கும். விண்ணப்பம் அறக்கட்டளைக்கு அல்ல, ஒவ்வொரு மையத்துக்கும் தனித்தனியாகப் போகும். ஆய்வு வசதி குறைந்த கல்லூரிகளின் மாணவர்களையும் கணிசமாகச் சேர்க்க வேண்டும் என்பது அறக்கட்டளையின் எதிர்பார்ப்பு. எனவே சிறிய கல்லூரியிலோ சமுதாயக் கல்லூரியிலோ படிப்பவர், ‘எங்கள் கல்லூரியில் ஆய்வகமே இல்லை’ என்று தயங்காமல் எழுதலாம். போட்டி கடுமைதான். அங்கே உங்களுக்காகப் பேசுவது பரிந்துரைக் கடிதம். ‘நல்ல மதிப்பெண் எடுத்தார்’ என்பதைத் தாண்டி எழுதும் அளவுக்கு ஓர் ஆசிரியருக்காவது உங்களைத் தெரிந்திருக்க வேண்டும். கடைசி நாள் பெரும்பாலும் ஜனவரி முதல் மார்ச்சுக்குள் வந்துவிடும், அதனால் கடிதத்தை டிசம்பரிலேயே கேட்டுவிடுங்கள்.

இன்னொரு வழி, உங்கள் பல்கலைக்கழகத்துப் பேராசிரியருக்கே எழுதுவது. பெரிய ஆய்வுப் பல்கலைக்கழகத்தில் படிப்பவருக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். அவருடைய அண்மைக்கால ஆய்வுக் கட்டுரை ஒன்றைப் படித்து, அதில் உண்மையாகவே உங்களுக்கு எழுந்த கேள்வி ஒன்று, முடித்த பாடங்கள், வாரத்தில் எத்தனை மணி நேரம் வர முடியும் என்பது. பத்து வரிக்குள் இவ்வளவு போதும். ஒரே கடிதத்தை நாற்பது பேருக்கு அனுப்பாதீர்கள், படித்தவுடனே தெரிந்துவிடும். பதில் வராவிட்டால் ஒரு வாரம் கழித்து ஒருமுறை நினைவூட்டலாம். வசந்த காலப் பருவத்திலேயே வாரம் சில மணி நேரம் ஆய்வகத்துக்குப் போகத் தொடங்கினால், கோடை வரும்போது நீங்கள் புதியவர் அல்ல.

இதில் குறை, பணம். சம்பளத்துக்கு உறுதி இல்லை. ஆனால் அறக்கட்டளையின் நிதியில் ஆய்வு நடத்தும் பேராசிரியர், ஓரிரு மாணவர்களைச் சேர்த்துக்கொள்வதற்கென்றே ஆர்இயூ துணைநிதி கேட்க முடியும். பல மாணவர்களுக்கு இது தெரிவதில்லை. உங்களைச் சேர்த்துக்கொள்ள அவர் சம்மதித்த பிறகு, மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். கலிஃபோர்னியாவிலுள்ள கால்டெக் பல்கலைக்கழகத்தின் சர்ஃப் (SURF) என்ற கோடைக்கால ஆய்வுத் திட்டம் போன்றவற்றிலும், வழிகாட்டியைப் பிடித்து அவரோடு சேர்ந்து ஆய்வு முன்மொழிவு எழுதிய பிறகுதான் விண்ணப்பிக்கிறார்கள். அங்கேயும் தொடக்கம் ஒரு மின்னஞ்சல்தான்.

எஃப்-1 என்ற வெளிநாட்டு மாணவர் விசாவில் இருப்பவர்கள் கவனிக்க: ஆர்இயூ நிதி அமெரிக்கக் குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை (கிரீன் கார்டு) பெற்றவர்களுக்கும் மட்டுமே. உங்களுக்கு நேரடி மின்னஞ்சல்தான் முதல் வழி. சொந்த வளாகத்தில் என்றால் விடுமுறையில் முழுநேர வேலைக்கும் அனுமதி உண்டு.

சரி, அந்த அனுபவக் கேள்விக்கு என்ன எழுதுவது? வகுப்பு ஆய்வகத்தில் தவறாகப் போன சோதனை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஏன் தவறியது என்று எப்படிக் கண்டுபிடித்தீர்கள், அடுத்த முறை எதை மாற்றினீர்கள் என்று எழுதுங்கள்.