விசைத்தறி ஊரின் திரையரங்கு: புதுப்பித்த பின்

சேலத்துக்கு மேற்கே விசைத்தறிகளை நம்பி வாழும் எங்கள் சிற்றூரின் ஒரே திரையரங்கு புதுப்பிக்கப்பட்டு மீண்டும் இயங்குகிறது. கீற்றுக் கொட்டகையாகத் தொடங்கி, பிறகு தரை, பெஞ்சு, நாற்காலி என்று மூன்று வகுப்புகளோடு கட்டடமாகி, இப்போது நடுச்சுவர் ஒன்றால் இரண்டு திரைகளாகப் பிரிந்திருக்கிறது. பழைய தரைச் சரிவை இடிக்காமல் விட்டது நல்ல முடிவு. எவ்வளவு உயரமானவர் முன்னால் அமர்ந்தாலும் திரை மறைவதில்லை.

குறை படத்தின் ஒளியில்தான் இருக்கிறது. புரொஜெக்டரில் கார்பன் குச்சிகளை எரித்து ஒளி உண்டாக்கிய நாட்களில், அவை தேயத் தேய ஆபரேட்டர் இடைவெளியைச் சரிசெய்யாவிட்டால் திரை மங்கும். உடனே அரங்கம் விசிலடித்து அவரை எழுப்பிவிடும். ஃபிலிம் சுருளும் படப்பெட்டியும் போய் டிஜிட்டல் வந்த பிறகு மங்கல் மட்டும் தங்கிவிட்டது, விசிலுக்குப் பதில் சொல்லத்தான் ஆளில்லை. டிஜிட்டல் திரையிடலுக்கு வகுத்த அளவு, திரையின் நடுவில் 14 ஃபுட் லாம்பர்ட் (திரையின் வெளிச்சத்தை அளக்கும் அலகு). இங்கே அளந்து பார்க்க என்னிடம் கருவி இல்லையென்றாலும், இரண்டாம் திரையில், படத்தில் இரவில் நடக்கும் காட்சிகளில் பேசுபவர் யார் என்பதைக் குரலால்தான் அறிய முடிகிறது. விளக்கின் ஆயுளை நீட்டிக்க அதன் ஒளியைக் குறைத்து வைக்கிறார்களோ என்ற ஐயம் எழுகிறது. போதாக்குறைக்கு, முப்பரிமாணப் படங்களுக்கென மாட்டிய வெள்ளிப்பூச்சுத் திரை ஒளியைப் பெரும்பாலும் நேர் எதிரிலேயே திருப்புவதால், ஓரத்து இருக்கைகளுக்கு இன்னும் இருட்டாகத் தெரிகிறது. டி. ஆர். சுந்தரம் 1935இல் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் என்ற படத் தயாரிப்பு நிறுவனம், 1956இல் ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ வழியாகத் தமிழுக்கு முழுநீள வண்ணப் படத்தைத் தந்தது இதே சேலத்திலிருந்துதான் என்பதால், வண்ணத்தை ஒழுங்காகக் காட்டுங்கள் என்று கேட்கும் உரிமை எங்களுக்குச் சற்றுக் கூடுதலாகவே உண்டு.

ஒலி துல்லியம், கழிப்பறை தூய்மை. இடைவேளையில் பாப்கார்னுக்குப் பக்கத்திலேயே தட்டுவடை செட் விற்பதற்குத் தனியாக ஒரு பாராட்டு.

கட்டண முறையை மட்டும் ஏற்க முடியவில்லை. கழுத்தை அண்ணாந்து பார்க்க வேண்டிய முதல் வரிசைக்கும் நடு வரிசைக்கும் ஒரே விலை. தரை டிக்கெட்டை ஒழித்தது சரி, ஆனால் வாரக் கூலி வாங்கும் தறித் தொழிலாளி குடும்பத்தோடு வருவதற்கு இருந்த மலிவான வழியும் அதோடு போய்விட்டது. முன் இரண்டு வரிசைகளுக்காவது விலையைக் குறைக்கலாம்.

செல்பவர்கள் முதல் திரையில், நடுப்பகுதியில் இடம் கேட்டு வாங்குங்கள். இரண்டாம் திரைக்கு, விளக்கைச் சரிசெய்த செய்தி வந்த பிறகு போகலாம்.