மூன்றாவது அச்சு: உழைத்த மலிவு சைக்கிளும் சுவரில் தொங்கிய நல்ல சைக்கிளும்

போன செவ்வாய்க்கிழமை மாலை பஞ்சர் ஒட்டுவதற்காக என் மலிவு சைக்கிளின் பின்சக்கரத்தைக் கழற்றி, அச்சின் நடுவில் ஓடி அதை ஃபிரேமோடு இறுக்கும் க்விக் ரிலீஸ் கம்பியை உருவியபோது, அச்சின் ஒரு துண்டு கூடவே நழுவி வராந்தாத் தரையில் விழுந்து செருப்பு அலமாரிக்கு அடியில் உருண்டு போயிற்று. மற்றொரு துண்டு குடத்துக்குள்ளேயே, அதாவது சக்கரத்தின் நடுவில் அச்சு ஓடும் உருளைக்குள்ளேயே, இருந்தது. தேடி எடுத்து விளக்கருகே பிடித்துப் பார்த்தேன். முறிந்த முகத்தில் முக்கால் பங்கு, ஆறிப்போன டிகாஷன் நிறத்தில் கறுத்துக் கிடந்தது. மிச்சக் கால் பங்கு மட்டும் புது இரும்பாகச் சர்க்கரைப் பொடிபோல மின்னியது. விரிசல் பழையது, முறிவு புதியது என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. எத்தனை நாளாகவோ அந்த மெல்லிய கம்பி ஒன்றின் இறுக்கத்தை மட்டும் நம்பி நான் பள்ளிக்குப் போய் வந்திருக்கிறேன்.

2021 அக்டோபரில் ஒன்று, 2023 ஜூனில் ஒன்று, இப்போது மூன்றாவது.

அதே வாரத்தில் என்னோடு பணிபுரியும் இளைய தமிழாசிரியர் ஒருவர் கேட்டார்: “அண்ணா, நானும் தவணையில் கார்பன் இழை ஃபிரேம் கொண்ட சைக்கிள் வாங்கிவிட்டேன். இந்தச் சாலையில் அதை ஓட்டிக் கெடுக்க மனம் வரவில்லை. உங்களைப் போல மலிவாக ஒன்று வாங்கிப் பள்ளிக்கு வைத்துக்கொள்ளட்டுமா?” இரண்டு சைக்கிள்களையும் நெடுங்காலம் வைத்திருந்தவன் என்ற முறையில், அவருக்கு நின்ற இடத்தில் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன்.

நான் மொரீஷியசில் உள்ள மாஹேபூரில் குடியிருக்கிறேன். கேவண்டிஷ் பாலத்தைக் கடந்து வீல் நுவார் வழியாக வியே கிராண்ட் போர்ட்டுக்கு அப்பால் இருக்கும் பள்ளிக்குப் போக 10 கிலோமீட்டர், வர 10 கிலோமீட்டர். லயன் மலைக்கும் கடலுக்கும் நடுவில் ஒடுங்கிப் போகும் அந்தச் சாலை பல இடங்களில் தண்ணீரிலிருந்து பத்தடி தூரத்தில்கூட இல்லை. மொரீஷியசின் தென்கிழக்குக் கரை காற்றை மார்பில் வாங்கும் கரை. ஜூன் முதல் செப்டம்பர் வரை வியாபாரக் காற்று உப்பைச் சுமந்து வந்து முகத்தில் அறைந்துகொண்டே இருக்கும். கரும்பு வெட்டும் பருவமும் அதுதான். லாரிகள் வயலிலிருந்து ஏறும்போது டயரில் ஒட்டிவந்த செம்மண் கட்டிகளைச் சாலையில் உதிர்க்கும். அதன்மேல் ஒரு தூறல் விழுந்தால் அரைத்த சந்தனம்போல் ஒரு குழம்பு. அதற்கு நடுவே ஆங்காங்கே விழுந்து கிடக்கும் கரும்புத் துண்டுகள். போதாக்குறைக்கு ஊருக்கு ஊர் ‘தோதான்’ என்று எல்லோரும் சொல்லும் வேகத்தடைகள்.

2018இல் 1,45,000 மொரீஷியஸ் ரூபாய்க்கு, அதாவது என் நான்கு மாதச் சம்பளத்துக்கு மேல் கொடுத்து வாங்கிய கார்பன் வண்டியை 2019 பருவம் முழுவதும் இந்தச் சாலையில்தான் ஓட்டினேன். லாரியிலிருந்து விழுந்த கரும்பு ஒன்று துள்ளிவந்து ஃபிரேமின் கீழ்க்குழாயில் நகம் அளவுக்கு வண்ணத்தைப் பெயர்த்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. 2020 பிப்ரவரியில் ரோஸ் பெல்லில் ஒருவரிடமிருந்து பழைய எஃகு சைக்கிள் ஒன்றை 4,500 ரூபாய்க்கு வாங்கினேன். ஏழு பல்சக்கரம், ரிம்மைப் பிடிக்கும் பிரேக், மட்கார்டு, பின்னால் கேரியர். நல்லதைக் காப்பாற்றுவதைத் தவிர அதை வாங்கியதற்கு வேறு காரணம் இல்லை.

அந்த வேலையைத் தாண்டி அது எனக்குக் கொடுத்ததைச் சொல்லாமல் விட்டால் நன்றி கெட்டவனாவேன். முதலாவது மட்கார்டு. இதைப் படித்துச் சிரிப்பவர்கள், செம்மண் குழம்பு முதுகில் கோடு போட்ட வெள்ளைச் சட்டையோடு ஒரு நாள் வகுப்பில் நின்று பார்க்க வேண்டும். இரண்டாவது, அதைப் பற்றிக் கவலைப்படாமல் எங்கேயும் விட்டுவிட்டுப் போகலாம். திங்கட்கிழமைகளில் மாஹேபூர்ச் சந்தையில் கீரையும் கத்தரிக்காயும் வாங்கிக் கேரியரில் கட்டிக்கொண்டு வருகிறேன். தைப்பூசத்தன்று கோயில் மதிலோரம் சாய்த்து வைத்துவிட்டு மாலைவரை அதை மறந்துவிடுகிறேன். 2020 ஆகஸ்டில் வகாஷியோ கப்பலிலிருந்து கசிந்த எண்ணெய் எங்கள் கரைக்கு வந்தபோது, ஊரே கூடித் துணிப்பைகளில் கரும்புச் சோகையைத் திணித்து மிதவைத் தடுப்புகள் தைத்துக்கொண்டிருந்தது. வாங்கி ஆறு மாதமே ஆகியிருந்த அந்த வண்டி, இருபுறமும் சோகை மூட்டையோடு வயலுக்கும் கடற்கரைக்கும் எத்தனை நடை நடந்தது என்று நான் எண்ணவில்லை. கேரியரில் அன்று ஒட்டிய கறுப்புக் கறை இன்னும் இருக்கிறது. மண்ணெண்ணெய் போட்டால் போய்விடும், நான் போடவில்லை.

செலவும் குறைவு. பழைய இரும்பு அடிகோலை வைத்துச் செயினை அளப்பேன்: 12 அங்குலத்துக்குள் அடங்க வேண்டிய கண்ணிகள் ஓர் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு நீண்டுவிட்டால் மாற்றிவிடுவேன். 14,000 கிலோமீட்டருக்கு ஐந்து செயின் ஆயிற்று; ஐந்தும் சேர்ந்து கார்பன் வண்டியின் ஒரு செயின் விலைக்குச் சற்றே கூட. மண் அரைத்துத் தேய்ந்த ரிம் ஒன்றை மாற்றினேன். ஃபிரேமில் உதிர்ந்த இடங்களுக்கு மகளின் நகப்பூச்சு.

இவ்வளவு சொன்ன பிறகும் அந்த அச்சை என்னால் மன்னிக்க முடியவில்லை. அது ஏன் முறிகிறது என்பதை விளக்கிவிடுகிறேன், ஏனென்றால் பழைய மலிவு சைக்கிள் வாங்கும் எவரும் இதைத் தெரிந்துகொண்டே வாங்க வேண்டும். இந்த வகையில் பல்சக்கரங்களும், பெடலை நிறுத்தினாலும் சக்கரத்தை ஓடவிடும் ஓடுசில்லும் ஒரே கட்டாக, ஃப்ரீவீலாக, குடத்தின் வலப்பக்கத்தில் திருகி மாட்டப்படுகின்றன. அதனால் சக்கரம் அச்சின்மேல் உருள உதவும் வலப்பக்கக் குண்டுகள் ஃப்ரீவீலுக்கு உள்ளே, குடத்தின் ஓரத்தோடு நின்றுவிடுகின்றன. அங்கிருந்து ஃபிரேம் தாங்கும் இடம்வரை ஏறத்தாழ ஒன்றரை அங்குல அச்சு எந்தத் தாங்கலும் இல்லாமல் நீட்டிக்கொண்டிருக்கிறது. 82 கிலோ எடையுள்ள நானும், கேரியரில் இரண்டு வகுப்பின் பயிற்சிப் புத்தகங்களும் ஒவ்வொரு தோதானிலும் இறங்கும்போது அந்த ஒன்றரை அங்குலம் கண்ணுக்குத் தெரியாமல் வளைந்து நிமிர்கிறது. வளைந்து நிமிரும் இரும்பு ஒருநாள் விரிசல் விடும். ஷிமானோ நிறுவனம் 1978இல் கொண்டுவந்த கேசட் குடத்தில் ஓடுசில் குடத்தோடே சேர்ந்து, வலப்பக்கக் குண்டுகள் வெளிமுனைக்கு நகர்ந்துவிட்டன. நீட்டிக்கொண்டிருந்த பகுதி பெரும்பாலும் இல்லாமற்போயிற்று. இவ்வளவு எளிய மாற்றம் வந்து இத்தனை ஆண்டுகளான பிறகும் மலிவு வண்டிகளில் அந்தப் பழைய அமைப்பு தொடர்வது எனக்கு உண்மையாகவே கோபம் தருகிறது. பணத்தைச் சேமிப்பவர்கள்தானே மூட்டையும் முடிச்சுமாக அதிகப் பாரம் ஏற்றுகிறார்கள்?

நியாயமாகப் பார்த்தால் முழுப் பழியும் வண்டியைச் சேராது. முதல் இரண்டு முறையும் நான் போன பட்டறை ஒன்றில் உடைந்த அச்சைத் தூக்கிப் போட்டுப் புதியதைச் செருகிப் பணத்தை வாங்கிக்கொண்டார்கள். ஏன் உடைந்தது என்று யாரும் பார்க்கவில்லை. இரண்டாம் முறை, குண்டுகளை அழுத்திப் பிடிக்கும் கோன்களை அளவுக்கு மீறி இறுக்கியதில் குண்டுகள் இரண்டு செதில்விட்டிருந்ததையும் இப்போதுதான் கண்டேன். இந்த முறை வேறொரு வயதான மெக்கானிக்கிடம் ஃபிரேமைக் கொண்டு போனேன். பின்சக்கரம் உட்காரும் இரண்டு கவைகளிலும் ஒவ்வொரு நீண்ட திருகுகம்பியை மாட்டினார். கவைகள் ஒன்றுக்கொன்று இணையாக இருந்தால் கம்பிகளின் முனைகள் நடுவில் நேருக்கு நேர் சந்திக்க வேண்டும். சந்திக்கவில்லை, ஒரு முனை மற்றதைவிட என் சுண்டுவிரல் கனத்துக்குக் கீழே இருந்தது. அதாவது சக்கரத்தை மாட்டி இறுக்கும்போதே அச்சு வளைந்துகொண்டிருந்தது. அவர் இரண்டு கம்பிகளையும் பிடித்து, மூச்சை அடக்கி, மெல்ல நெம்பினார். எஃகு முனகியது, முனைகள் ஒன்றையொன்று பார்த்தன. ஐந்து நிமிட வேலை. கார்பன் ஃபிரேமில் இப்படிச் செய்யப்போனால் உடைந்துதான் போகும். பிறகு புது அச்சு, புதுக் கோன்கள், பக்கத்துக்கு ஒன்பதாகக் கால் அங்குலக் குண்டுகள் எல்லாவற்றுக்கும் சீட்டு எழுதிக் கொடுத்தார். அச்சு இன்னும் வந்து சேரவில்லை.

இனி சுவரில் தொங்கிய வண்டியைப் பற்றி. பள்ளிக்குத்தானே மலிவு வண்டி, ஞாயிற்றுக்கிழமைகளில் நல்லதை ஓட்டலாம் என்றுதான் தொடங்கினேன். ஆனால் அதற்குத் தனிச் செருப்பு, தனிப் பம்ப், தனி ஆயத்தம் எல்லாம் வேண்டியிருந்தன. வாசலில் மற்றது தயாராக நின்றது. வாரம் ஒருமுறை என்பது மாதம் ஒருமுறையாகி, 2022க்குப் பிறகு அது பெரும்பாலும் உள்ளறைக் கொக்கியிலேயே இருந்தது. சென்ற நவம்பர் விடுமுறையில் ஷமரேல் ஏற்றத்துக்குப் போகலாம் என்று இறக்கினேன். பஞ்சரைத் தானே அடைப்பதற்காக டயருக்குள் ஊற்றிய அடைப்புப் பால் காய்ந்து ரப்பர் தோலாகச் சுருண்டிருந்தது. ஹைட்ராலிக் பிரேக்கின் பிஸ்டன்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. தண்ணீர்ப் புட்டி தாங்கியின் திருகு அசைய மறுத்து, கார்பன் ஃபிரேமில் பதித்த அலுமினியச் செருகலோடு சேர்ந்து சுழன்றது. ஹேண்டில்பார் நாடாவைச் சுற்றி எடுத்தபோது, என் வியர்வை பல ஆண்டுகளுக்கு முன் ஊறிய இடங்களிலெல்லாம் அலுமினியம் வெண்பொடியாகப் பூத்து, அதன் கீழே குழிகள். ஒரு குழியில் பேனா முனை நின்றது. அந்த ஹேண்டில்பாரில் எடையைப் போட்டு இறக்கத்தில் இறங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைக்க முடியவில்லை.

உப்புக் காற்று ஓடும் வண்டி, நிற்கும் வண்டி என்று பார்ப்பதில்லை. கார்பன் இழை மின்சாரத்தைக் கடத்தும்; உப்பு ஈரத்தில் அது அலுமினியத்தைத் தொட்டுக்கொண்டிருந்தால் அரிபடுவது அலுமினியம்தான். ஓட்டிய நாள்களில் வீட்டுக்கு வந்ததும் கழுவித் துடைத்தேன், பார்த்தேன், தொட்டேன். தொங்கவிட்ட பிறகு அது பத்திரமாக இருப்பதாக நம்பிப் பார்க்காமலே விட்டேன். சரிசெய்ய 18,500 ரூபாய் ஆயிற்று. மலிவு வண்டி வாங்கிய விலையைப்போல் நான்கு மடங்குக்கும் மேல். ஐந்தரை ஆண்டு மழையிலும் மண்ணிலும் உழைத்த வண்டிக்கு அச்சு, ரிம், செயின் எல்லாம் சேர்த்தும் நான் அவ்வளவு செலவழித்ததில்லை.

ஆகவே தம்பிக்கு என் பதில்: வாங்காதீர்கள். மேலே நான் எழுதிய புகழ்ச்சி அத்தனையும் உண்மை, ஒரு சொல்லையும் திரும்பப் பெறமாட்டேன்; இருந்தாலும் வாங்காதீர்கள். நல்லதற்கு மட்கார்டு மாட்டுங்கள், அகலமான டயர் போடுங்கள், அதையே ஓட்டுங்கள். திருகுகளில் ஆண்டுக்கு இருமுறை கிரீஸ் தடவி, ஆண்டுக்கு ஒருமுறை நாடாவை அவிழ்த்துப் பாருங்கள். அச்சு முறிந்த வாரத்தில் எழுதுவதால் குரல் உயர்ந்திருக்கலாம். ஆனால் சுவரில் அது கெட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்தவன் நான்.

கேட்காமல் வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், பணம் கொடுக்கும் முன் பின்சக்கரத்தைத் தூக்கிப் பல்சக்கரங்களைப் பின்னோக்கிச் சுற்றிப் பாருங்கள். மிகச் சிறிய பல்சக்கரத்துக்கு உள்ளே, கருவி பொருந்தும் பற்கள் கொண்ட வளையம் தெரியும். அது பல்சக்கரங்களோடு சேர்ந்து சுற்றினால் கேசட். அசையாமல் நின்றால் ஃப்ரீவீல். நின்றால் வண்டியைக் கீழே வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

புது அச்சு வரும்வரை நான் கார்பன் வண்டியில்தான் பள்ளிக்குப் போய் வருகிறேன். நேற்று வியே கிராண்ட் போர்ட் அருகே லாரி ஒன்று என்னைக் கடந்து போய்க் கணுக்கால்வரை செம்மண்ணை இறைத்தது. வீட்டுக்கு வந்து ஒரு வாளி நல்ல தண்ணீரும் பழைய வேட்டித் துணியும் எடுத்து, 2019இல் கரும்பு பட்டுப் பெயர்ந்த இடத்திலிருந்து துடைக்கத் தொடங்கினேன். மனைவி விளக்கைக் கொண்டுவந்து வராந்தாப் படியில் வைத்தாள். செயின்வரை வந்தபோது இருட்டிவிட்டது. அதையும் துடைத்து எண்ணெய் விட்டுத்தான் உள்ளே போனேன்.