சைக்கிளுக்கு எதுக்குங்ணா கண்ணாடி?

கடைக்காரத் தம்பி கேட்ட முதல் கேள்வியே இதுதான். "சைக்கிளுக்கு எதுக்குங்ணா கண்ணாடி? பைக் ஓட்டறவனே மடக்கி வெச்சுட்டுத்தான் போறான்." அவன் சொன்னதிலும் தப்பில்லை. பைக்குக்குப் பின்னால் வருவதைப் பார்க்கும் கண்ணாடி கட்டாயம் என்று மோட்டார் வாகன விதியில் இருக்கிறது. எங்கள் கோயமுத்தூரில் அது தலை சீவத்தான் அதிகம் பயன்படுகிறது. சைக்கிள் அந்த விதிக்குள்ளேயே வராது.

எனக்குத் தேவை வந்தது கழுத்தால். இரும்பு கடையும் லேத் மெஷினில் முப்பது வருஷம் குனிந்தே நின்றாயிற்று. இடது பக்கம் ஓரளவு திரும்பும். வலது பக்கம் திருப்பினால், பாதி வழியில் யாரோ ஆணி அடித்து நிறுத்தியது மாதிரி நின்றுவிடும். டாக்டர் பயிற்சி சொல்லியிருக்கிறார், செய்கிறேன், அது ஒரு பக்கம் நடக்கட்டும். ஆனால் சைக்கிளில் போகிறவனுக்கு வலது பக்கம்தானே உயிர்நாடி? நம் ஊரில் இடது ஓரம் போகிறோம், முந்துகிறவன் எல்லாம் வலது தோளை உரசிக்கொண்டுதான் போகிறான்.

வீடு சரவணம்பட்டியில், பட்டறை கணபதியில். சத்தி ரோட்டில் ஐந்து கிலோமீட்டர் சொச்சம். பையன் காலேஜுக்குப் போனபோது விட்டுவிட்டுப் போன கியர் சைக்கிள்தான் வண்டி. வழி முழுக்க ஓரமாகவே வந்துவிடலாம், கடைசியில் வலது பக்கச் சந்துக்குத் திரும்புகிற இடம்தான் வில்லங்கம். ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக நடுவுக்கு நகர வேண்டும். பின்னால் டவுன் பஸ், சத்தியமங்கலத்துப் பஸ், நேரமாகிவிட்ட ஐ.டி. கம்பெனி வேன், இண்டு இடுக்கில் நுழையும் ஸ்கூட்டர்கள். அந்த நூறு அடிக்குள் ஐந்தாறு தடவை திரும்பிப் பார்ப்பேன். பட்டறைக்குள் நுழையும்போதே கழுத்து விண்விண் என்று தெறிக்கும்.

வாங்கியது ஹேண்டில்பார் முனையில் செருகுகிற வட்டக் கண்ணாடி. ஜோடி 640 ரூபாய், பேரம் பேசி 600. கண்ணாடி 6 சென்டிமீட்டர் அகலம், வெளிப்பக்கம் புடைத்தது. குட்டையான ஒரு கை, கண்ணாடியைத் திருப்ப ஒரு பந்து மூட்டு, மறுமுனையில் ரப்பர் உருளை. அதற்குள் ஒரு கூம்பு. அலன் கீ என்கிற அறுகோணச் சாவி போட்டு இறுக்கினால் கூம்பு உள்ளே இழுபட்டு ரப்பர் விரிந்து குழாயைக் கவ்விக்கொள்ளும். லேத்காரன் கண்ணுக்கு யோசனை நல்ல யோசனைதான், ஆனால் அளவில் கோட்டை விட்டிருக்கிறார்கள்.

கைப்பிடி ரப்பரின் முனையை பிளேடால் வட்டமாக வெட்டி எடுத்துவிட்டு, வெர்னியர் அளவுகோல் வைத்துப் பார்த்தேன். குழாயின் உள் விட்டம் 19.2 மில்லி. இந்த உருளை முழுக்க விரிந்தாலும் 18.8தான் வருகிறது. விளைவு, கண்ணாடி குழாய்க்குள் ராட்டினம் சுற்றியது. இடைவெளி அடைக்கிற அரை மில்லி பித்தளை ஷிம் தகடு ஒரு துண்டு பட்டறையில் கிடந்தது. அதைச் சுருட்டி உள்ளே விட்டு இறுக்கினேன், கம்மென்று பிடித்துக்கொண்டது. ஷிம்முக்கு எங்கே போவது என்பவர்கள் பழைய சைக்கிள் டியூபில் ஒரு துண்டு வெட்டி உருளைமேல் சுற்றிப் பார்க்கலாம். பெட்டிக்குள் அலன் கீ கிடையாது, விளக்கத் தாள் கிடையாது. எந்த விட்டத்துக்குச் சேரும் என்று ஒரு வரி அச்சடித்திருந்தால் பாதித் தலைவலி மிச்சம்.

மாட்டிய அன்று சாயங்காலம் வாசலில் ஒரு சோதனை வைத்தேன். சைக்கிளைக் காம்பவுண்ட் சுவரில் இடது பக்கமாகச் சாய்த்து, மேலே உட்கார்ந்து, ஓட்டுகிற மாதிரியே நேராகப் பார்த்துக்கொண்டு கண்ணை மட்டும் கண்ணாடிக்கு இறக்கினேன். மகளைத் தெருமுனையிலிருந்து என் வலது பக்கமாக மெதுவாக நடந்து வரச் சொன்னேன். நான் "தெரியலை" என்று சொல்லும் இடத்தில் அவள் சாக்பீஸால் ஒரு கோடு, அவள் என் ஓரக்கண்ணில் படும் இடத்தில் இன்னொரு கோடு. முதல் கோடு பின் சக்கரத்தையும் தாண்டி நன்றாகப் பின்னால் விழுந்தது. இரண்டாவது என் முழங்கைக்குக் கொஞ்சம் பின்னால். இரண்டுக்கும் நடுவில் நல்ல நாலு எட்டு. "அப்பா, இங்க ஒரு ஸ்கூட்டியையே ஒளிச்சு வெக்கலாம்" என்றாள். அப்போது சிரித்தேன்.

இன்னொன்று, புடைத்த கண்ணாடியில் எல்லாமே சின்னதாகவும் தூரமாகவும் தெரியும். எவர்சில்வர் ஸ்பூனின் முதுகில் முகம் பார்த்தவர்களுக்குத் தெரியும். அகலமாகப் பார்ப்பதற்குக் கொடுக்கும் விலை அது. நான் போவது மணிக்கு 15 கிலோமீட்டர். பின்னால் வருகிறவன் 50 என்றால், எங்களுக்குள் இருக்கும் இடைவெளி ஒரு வினாடிக்கு 10 மீட்டர் வீதம் குறையும். 30 மீட்டர் தள்ளி இருப்பவன் மூன்றே வினாடியில் பக்கத்தில் வந்துவிடுவான். கண்ணாடியில் அவன் ஏதோ அடுத்த ஸ்டாப்பில் நிற்கிற மாதிரி இருப்பான். முதல் இரண்டு வாரம் இதில் ஏமாந்து ஏமாந்து ஹாரன் வாங்கினேன். அப்புறம் கண் பழகிவிட்டது. இப்போது உருவத்தின் அளவைப் பார்ப்பதில்லை, எவ்வளவு வேகமாகப் பெரிதாகிறது என்று பார்க்கிறேன்.

பழகியதுதான் வினையாகவும் போயிற்று. இரண்டாம் மாதம், அதே வலது திருப்பம். கண்ணாடியில் பார்த்தேன், ரோடு காலி. கழுத்தைச் சிரமப்படுத்துவானேன் என்று அப்படியே நடுவுக்கு நகர்ந்தேன். வலது முழங்கையில் ஏதோ பட்டது. ஸ்கூட்டரில் ஒரு பெரியவர், காலடியில் புண்ணாக்கு மூட்டை. அவர் பிரேக் பிடித்து, மூட்டை சரிந்து, நான் காலை ஊன்றி நின்று, யாருக்கும் அடியில்லை. மகள் போட்ட இரண்டு கோட்டுக்கு நடுவில் சரியாக நின்றிருந்தார் மனிதர். "ஏனுங்க, திரும்பிப் பாக்கற பழக்கமே இல்லீங்களா?" என்றார். அந்தக் கோபத்திலும் 'ங்க' போடத் தவறவில்லை, கொங்குக்காரர். மூட்டையைத் தூக்கி நிமிர்த்திக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அன்று முழுக்க யோசித்ததில் இன்னொரு விஷயமும் பிடிபட்டது. நான் கண்ணாடியில் பார்த்தது எனக்கு மட்டும்தான் தெரியும். பின்னால் வந்த அவருக்கு, நேராகப் போய்க்கொண்டிருந்த ஒருத்தன் திடீரென்று குறுக்கே வந்தான், அவ்வளவுதான். முன்பெல்லாம் நான் கழுத்தை முறுக்கிப் பார்க்கும்போதே பஸ் டிரைவர்கள் வேகம் குறைப்பார்கள். கையைக் காட்டுவதற்கு முன்பே, இவன் ஏதோ செய்யப் போகிறான் என்று அந்தத் தலை சொல்லிவிடும். கண்ணாடி அதைச் சொல்லாது.

மச்சான் மகன் இங்கிலாந்தில் இருக்கிறான். அங்கே பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு பைக்கபிலிட்டி என்று சைக்கிள் பயிற்சி உண்டு, அவன் பெண்ணும் போய் வந்தாள். முதலில் திரும்பிப் பார், பிறகு கையைக் காட்டு, திரும்புவதற்கு முன் தேவைப்பட்டால் இன்னொரு தடவை பார். இதைத்தான் சொல்லிக் கொடுத்தார்களாம். நாமோ கையை நீட்டியதும் ரோடே நமக்குப் பட்டா போட்டுக் கொடுத்தது மாதிரி திரும்புகிறோம், நானும் அந்த ரகம்தான்.

சரி, திரும்பிப் பார்ப்பது என்று ஆன பிறகு அதையும் ஒழுங்காகச் செய்ய வேண்டுமே. வலது பக்கம் தலையைத் திருப்பினால் வலது தோள் பின்னால் போகும், தோளோடு கை போகும், கையோடு ஹேண்டில்பாரும் இழுபட்டு வண்டி நடுரோட்டுக்கு வளையும். பலர் தடுமாறுவது இதனால்தான். நான் ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்குப் பின்னால் உள்ள சைட் ரோட்டில் பழகினேன். இடது கையை ஹேண்டில்பாரின் நடுப்பக்கம் நகர்த்தி, வலது கையைத் தொடைமேல் வைத்துவிட்டு, இடுப்போடு சேர்த்துத் திரும்புவது. கழுத்து பாதியும் இடுப்பு மீதியும் திரும்பினால் எனக்கே பின்னால் உள்ளது தெரிகிறது. ஒரு வினாடிக்கு மேல் பார்க்கக் கூடாது. அந்த ஒரு வினாடியில் வண்டி 4 மீட்டர் ஓடியிருக்கும், சத்தி ரோட்டில் 4 மீட்டருக்குள் எத்தனை குழி என்று உங்களுக்கே தெரியும்.

இப்போது இப்படித்தான் போகிறேன். சந்துக்கு ரொம்ப முன்னாலேயே கண்ணாடியில் பார்க்க ஆரம்பிக்கிறேன். பஸ்ஸா, வேனா, எத்தனை வண்டி, எங்கே இடைவெளி விழுகிறது என்று அது சொல்லும். இடைவெளி வந்தால் ஒரே ஒரு தடவை உடம்போடு திரும்பிப் பார்த்து, கையைக் காட்டி, நகர்கிறேன். வரவில்லையா, ஓரமாக இறங்கி நின்று உருட்டிக்கொண்டு கடக்கிறேன், கௌரவம் ஒன்றும் குறையவில்லை. ஐந்தாறு தடவை திரும்பிய கழுத்து இப்போது ஒரு தடவை திரும்புகிறது. 600 ரூபாய்க்கு நான் வாங்கியது அந்த மீதி நாலைந்து திருப்பத்தைத்தான்.

குறைகள் உண்டு. ராத்திரியில் பின்னால் வருகிறவன் ஹை பீம் போட்டால் கண் கூசி முன்னால் ரோடே தெரியாது. நான் கண்ணாடியைத் தட்டிக் கீழே திருப்பிவிடுவேன். மழையில் சுத்தமாக உதவாது. பந்து மூட்டு மூன்றாம் மாதம் தளர்ந்து, மோசமான ரோட்டில் தானாகக் குனிந்தது. பின்பக்கம் சின்னத் திருகு இருக்கிறது, இறுக்கினால் சரியாகும், ஆனால் பெட்டியில் அதைப் பற்றியும் மூச்சு இல்லை. சைக்கிள் ஸ்டாண்டில் பக்கத்து வண்டி இடித்துத் தினமும் கோணல், ஏறுவதற்கு முன் சரி பண்ணியே ஆக வேண்டும். ஹேண்டில்பாரைத் தாண்டி ஒரு சாண் இல்லாவிட்டாலும் நாலு விரல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், இடுக்கில் நுழையும்போது ஞாபகம் வேண்டும்.

ஒரு தம்பி பின்விளக்கோடு சேர்ந்த ரேடார் ஒன்றை இரண்டு நாள் கொடுத்துப் பார்க்கச் சொன்னான். 140 மீட்டர் தூரத்திலேயே வண்டி வருவதைச் சொல்லிவிடும் சாதனம். காலி ஹைவேயில் அருமையாக இருக்கும். சத்தி ரோட்டில் காலை ஒன்பது மணிக்கு அது வாயே மூடவில்லை. வண்டி வருகிறது என்பது எனக்கே தெரியுமே!

வாங்கலாமா என்றால், கழுத்துப் பிரச்சினை இருப்பவர்கள் கண்டிப்பாக வாங்கலாம். நேரான ஹேண்டில்பார், திறந்த முனை இருக்க வேண்டும். பழைய கறுப்பு சைக்கிளின் வளைந்த ஹேண்டில்பாரில் முனை நம்மைப் பார்த்து இருப்பதால் முழங்காலில் இடிக்கும், வேண்டாம். ஐந்துக்கு மூன்றரை மார்க் கொடுப்பேன். ஜோடியாகத்தான் தருவேன் என்று அடம் பிடிப்பதற்கு அரை குறைத்திருக்கிறேன், இடது பக்கத்துக்கு எனக்குத் தேவையே இல்லை. அந்த இரண்டாவது கண்ணாடி சும்மா கிடக்கவில்லை. ஒரு கம்பியில் பற்ற வைத்து லேத் பக்கத்தில் மாட்டியிருக்கிறேன், கடைகிற பம்ப் பாடிக்குப் பின்பக்கம் வெட்டும் டூல் எங்கே நிற்கிறது என்று எட்டிக் குனியாமலே தெரிகிறது.