வரைந்ததைக் கடைந்தும் பார்க்க வைத்த மாலை வகுப்பு

கணினியில் வரைபடம் போடக் கற்றுத்தரும் இடங்களுக்குச் சிங்கப்பூரில் பஞ்சமே இல்லை. ஆட்டோகேட், சாலிட்வொர்க்ஸ் என்று பெயரைப் போட்டு, எந்தப் பொத்தானை எங்கே அழுத்துவது என்று காட்டி, கடைசி நாளில் சான்றிதழைக் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். ஜூரோங் பக்கம் நான் படித்து முடித்த மாலை வகுப்பு வேறு மாதிரி. குறைகளையும் சொல்லப்போவதால் பயிற்சி நிலையத்தின் பெயரை விட்டுவிடுகிறேன்.

நான் துவாஸில் உலோகப் பாகங்கள் செய்யும் நிறுவனம் ஒன்றில் தரச் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். யாரோ வரைந்த படத்தை வைத்துக்கொண்டு, யாரோ செய்த பாகத்தை மைக்ரோமீட்டரும் கையுமாக அளப்பதுதான் வேலை. படம் வாசிக்கத் தெரியும், போடத் தெரியாது. வரைபவர் நாற்காலியில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்பது ரொம்ப நாள் ஆசை.

வகுப்பின் பெயரில் ‘உற்பத்தித் தொழில்நுட்பம்’ என்றும் இருந்தது. அதற்கு உண்மையாக நடந்துகொண்டார்கள். பாதி நேரம் கணினி அறை, மீதி நேரம் கீழ்த்தளத்துப் பட்டறை. மேலே போட்ட படத்தைத் தாளில் எடுத்துக்கொண்டு கீழே போய், கடைசல் பிடிக்கும் லேத்திலோ, சுழலும் கட்டரால் செதுக்கும் மில்லிங் மெஷினிலோ பாகத்தைச் செய்ய வேண்டும். அதுவும் உங்கள் படத்தைப் பக்கத்து மேசைக்காரர்தான் செய்வார். அவர் உங்களிடம் ஒரு கேள்வி கேட்கக் கூடாது, நீங்களும் வாய் திறக்கக் கூடாது. இந்த ஒரு ஏற்பாட்டுக்காகவே கட்டணம் கொடுக்கலாம்.

பயிற்றுநர் காலமெல்லாம் பட்டறையில் நின்ற சீனப் பெரியவர். எல்லோருக்கும் அவர் ‘அங்கிள்’. என்னோடு படித்த சிவகங்கைத் தம்பி ஒருவர், அலுமினியக் கட்டையில் ஆழமான சதுரக் குழி ஒன்றை வரைந்திருந்தார். உள்மூலை நான்கும் கச்சிதமான செங்கோணம், திரையில் அழகாக இருந்தது. அங்கிள் 10 மி.மீ. விட்டமுள்ள எண்ட் மில் கட்டர் ஒன்றை எடுத்துத் தம்பியின் உள்ளங்கையில் வைத்து, “இதை வைத்து அந்த மூலையை வெட்டிக் காட்டு” என்றார். சுழலும் கட்டர் வட்டம், ஆகவே மூலையில் 5 மி.மீ. ஆரம் எப்படியும் நின்றுவிடும். சின்னக் கட்டர் போடலாம்தான், ஆனால் ஆழமான குழியில் அது வளையும், உடையும். கூர்மூலையேதான் வேண்டும் என்றால் மின்பொறியால் உலோகத்தை அரிக்கும் ஈடிஎம் முறைக்குப் போக வேண்டும், செலவு எங்கேயோ போய்விடும். “5.5 ஆரம் போடு, கட்டர் மூலையில் நின்று திணறாமல் வளைந்து ஓடும்” என்றார். தம்பி மேலே ஓடிப்போய்த் திருத்திவிட்டு வந்தார்.

எனக்கு ரொம்பப் பிடித்தது டாலரன்ஸ் பாடம், அதாவது ஓர் அளவு எவ்வளவு கூடலாம், குறையலாம் என்ற வரம்பு. 25 மி.மீ. துளைக்குள் ஒரு தண்டு வழுக்கிக்கொண்டு போக வேண்டும். அந்த வரம்புக்கு அட்டவணையில் குறியீடுகள் உண்டு: துளைக்கு எச்7, தண்டுக்கு ஜி6. அட்டவணைப்படி துளை 25.000 முதல் 25.021 வரை, தண்டு 24.980 முதல் 24.993 வரை. அப்படியென்றால் இடைவெளி 7 மைக்ரானுக்கு (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறையாது, 41 மைக்ரானைத் தாண்டாது. வருடக்கணக்காக நான் அளந்துவந்த எண்கள்தான். எங்கிருந்து வருகின்றன என்று கணக்குப் போட்டுப் பார்த்தது இங்கேதான். வகுப்பில் சிலர் எல்லா அளவுக்கும் கூட்டல் கழித்தல் 0.01 என்று போட்டுவைத்திருந்தார்கள். அங்கிள் ஒவ்வொன்றாகத் தொட்டு, “இது எதோடு சேர்கிறது?” என்று கேட்டார். எதோடும் சேராத வெளிப்பக்கத்துக்கு எதற்கு அவ்வளவு இறுக்கம்? செய்பவருக்கும் நேரம் போகிறது, அளப்பவருக்கும் நேரம் போகிறது. இதை ஒருவர் வகுப்பில் நின்று சத்தமாகச் சொன்னபோது எனக்கு மனசு நிறைந்துவிட்டது.

இங்கே வேலை பார்ப்பவர்களுக்குக் கட்டாயம் தேவையான இன்னொரு பாடமும் உண்டு. அமெரிக்காவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வரும் படங்கள் மூன்றாம் கோண முறை, ஐரோப்பியப் படங்கள் பெரும்பாலும் முதல் கோண முறை. முன்னதில் மேல்தோற்றம் முன்தோற்றத்துக்கு மேலே இருக்கும், பின்னதில் கீழே. படத்தின் ஓரத்தில் இருக்கும் சின்னக் கூம்புக் குறியைப் பார்க்காமல் மெஷினை ஓட்டினால் பாகம் இடவலம் மாறிவிடலாம். ஒரு மாலை முழுக்க இதற்கே கொடுத்தார்கள்.

சாலிட்வொர்க்ஸ் பகுதியும் நன்றாகவே போனது. ஸ்கெட்ச் கோடுகள் நீலத்திலிருந்து கறுப்பாகும்வரை அங்கிள் அடுத்த படிக்கு விடமாட்டார். நீலம் என்றால் கோடு அளவுகளால் இன்னும் முழுதாகக் கட்டிப்போடப்படவில்லை, பின்னால் ஏதாவது ஓர் அளவை மாற்றினால் உருவம் கலைந்துவிடும்.

சரி, குறைகள். கேம் பகுதியை, அதாவது கட்டர் போகும் பாதையை மென்பொருளிலேயே போடுகிற பாடத்தை, கடைசி வகுப்புகளில் அவசரமாகத் திணித்துவிட்டார்கள். மெஷினுக்குக் கொடுக்கும் கட்டளைகளில் ஜி01 நேர்கோடு, ஜி02 கடிகாரச் சுற்று, ஜி03 எதிர்ச்சுற்று என்பதுவரை சொன்னார்கள். மென்பொருள் போடும் பாதையை நம் மெஷினுக்குப் புரியும் நிரலாக மாற்றுகிற போஸ்ட் பிராசஸரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நிரல்படி தானாக ஓடும் சிஎன்சி மெஷினை ஓட்டிக் காட்டினார்களே தவிர, எங்களைத் தொட விடவில்லை. இவ்வளவு நல்ல வகுப்பு அந்த இடத்தில் கைவிட்டது எனக்கு உண்மையிலேயே வருத்தம். கணினிகளும் பழசு, வெளியே புதிய பதிப்பில் செய்த கோப்பு அங்கே திறக்கவில்லை.

கட்டணத்துக்கு நான், திறன் வளர்க்க அரசாங்கம் தரும் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் தொகையைப் பயன்படுத்தினேன். 40 வயதும் அதற்கு மேலும் ஆன குடிமக்களுக்கு 2024 மே மாதம் அரசாங்கம் கொடுத்த கூடுதல் 4,000 வெள்ளி எல்லா வகுப்புக்கும் செல்லாது, தேர்ந்தெடுத்த வகுப்புகளுக்கு மட்டும்தான். பதியும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். வேலை அனுமதிச் சீட்டில் இருக்கும் தம்பிக்கு அதுவும் கிடையாது, முழுப் பணமும் அவர் கைக்காசு. அப்படி வருகிறவர்களுக்காகவாவது அந்த சிஎன்சியைத் திறந்துவிட்டிருக்கலாம்.

டிப்ளோமா வேண்டும் என்பவர்களுக்கு இது போதாது. பலதுறைத் தொழிற்கல்லூரிகளில் பகுதிநேரப் படிப்புகள் இருக்கின்றன. தொழில்நுட்பக் கல்விக் கழகத்துக்கும் சீமெய், அங் மோ கியோ, சுவா சூ காங் ஆகிய இடங்களில் வளாகங்கள் உண்டு, விசாரியுங்கள். ஏற்கெனவே மெஷின் பக்கம் நிற்பவர், தினமும் படம் வாசிப்பவர் என்றால் தயங்காமல் இதில் சேரலாம். வீட்டில் பழக ஃபியூஷன் மென்பொருள் சொந்தப் பயன்பாட்டுக்கு இலவசமாகக் கிடைக்கிறது.

கேம் மட்டும் தனியாகப் படிக்க இடம் தேடிக்கொண்டிருக்கிறேன். போஸ்ட் பிராசஸர்வரை சொல்லிக்கொடுத்து, மெஷினையும் நம் கையில் விடுகிற இடம் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.